கார் ஏன் இழுக்கவில்லை?

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கார் வேகமெடுக்க ஐந்து காரியங்கள் ஒருசேர நடந்தாக வேண்டும். எஞ்சினுக்குள் போதிய காற்று போக வேண்டும். அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவில் எரிபொருள் பீய்ச்சப்பட வேண்டும். கலவை சரியான கணத்தில் பற்றிக்கொள்ள வேண்டும். எரிந்த புகை தடையில்லாமல் வெளியேற வேண்டும். பிறந்த விசை கிளட்ச், கியர்பாக்ஸ் வழியாகச் சக்கரத்தைச் சேர வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் ஓட்டுபவர் சொல்வது ஒன்றுதான்: பிக்கப் இல்லை, வண்டி இழுக்கவில்லை. மெக்கானிக்கிடம் கார் போகும்போது அவர் கையில் இருப்பதும் இந்த ஒரு வரிதான்.

பழைய கார்களில் பெடலையும் எஞ்சினின் காற்றுக் கதவான திராட்டிலையும் ஒரு கேபிள் நேரடியாக இணைத்தது. இன்றைய கார்களில் அந்தக் கேபிள் கிடையாது. பெடலோடு பொருத்திய இரண்டு சென்சார்கள், கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைத் தனித்தனியே இ.சி.யூ. என்னும் கணினிக்குச் சொல்கின்றன. எஞ்சினின் வெப்பம், காற்றின் அளவு, சக்கரங்களின் சுழற்சி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, திராட்டிலை எவ்வளவு திறப்பது என்று அந்தக் கணினிதான் முடிவு செய்கிறது. ஏதாவது ஒரு சென்சாரின் சொல்லை நம்ப முடியாமல் போனால், எஞ்சின் முழு நலத்தோடு இருந்தாலும்கூட, இ.சி.யூ. வேண்டுமென்றே சக்தியைக் குறைத்துவிடும். அதனால் பழுதைத் தேடுகிறவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது: எஞ்சின் விசையை உண்டாக்கவில்லையா, உண்டான விசை சாலைக்குப் போய்ச் சேரவில்லையா, அல்லது கணினி பிடித்து வைத்திருக்கிறதா? இதற்கு விடை தெரியாமல் பிளக்கை மாற்று, ஃபில்டரை மாற்று, இன்ஜெக்டரைக் கழுவு என்று வரிசையாகப் பாகங்களை மாற்றிக்கொண்டே போவதில் காசு கரைகிறது; பழுது பல சமயம் அப்படியே இருக்கிறது.

அதற்கும் முன்பாக, குறை உண்மைதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். மலை இறங்கியதும் சரியாகிவிடும் குறை பழுது அல்ல. சித்திரை வெயிலில் எஞ்சினுக்குள் போகும் சூடான காற்றும் அடர்த்தி குறைந்ததே. ஒரு லிட்டர், 1.2 லிட்டர் எஞ்சின்களில் ஏ.சி. கம்ப்ரசர் இழுக்கும் சக்தி காலுக்கே தெரியும். சி.என்.ஜி.யில் ஓடும்போது பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் பத்து சதவீதத்துக்கும் மேல் குறையலாம். ஈகோ மோடில் விட்டிருந்தால் பெடல் மந்தமாகவே இருக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்மீதும் இப்போது பழி விழுகிறது. அதில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் குறைவு என்பது உண்மை. ஆனால் இ.சி.யூ. கூடுதலாகப் பீய்ச்சி அதை ஈடுகட்டிவிடுவதால், அடி முதலில் மைலேஜில்தான் விழும். எத்தனாலால் வரக்கூடிய வேறொரு தொல்லை உண்டு: டேங்குக்குள் தண்ணீர் புகுந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். மழைக்காலத்தில் பெட்ரோல் போட்ட கொஞ்ச நேரத்திலேயே எஞ்சின் திக்கித் திணறினால் சந்தேகிக்க வேண்டியது அதை.

குறையை எண்ணாக மாற்றிக்கொள்வது மிகப் பெரிய உதவி. போக்குவரத்து இல்லாத, நேரான, சமமான சாலையில், ஏ.சி.யை அணைத்துவிட்டு, மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80 வரை முழுமையாக மிதித்துச் செல்ல எத்தனை நொடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவர் அளக்கலாம். காற்றும் சரிவும் கணக்கைக் கெடுக்காமல் இருக்க, போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. இந்த எண் கையில் இருந்தால், பழுது பார்த்த பிறகு உண்மையிலேயே சரியானதா என்பதை யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பாமல் தெரிந்துகொள்ளலாம்.

இந்த ஓட்டத்திலேயே விசை எங்கே சிந்துகிறது என்பதும் தெரிந்துவிடும். பெடலை மிதித்ததும் ஆர்.பி.எம். முள் சட்டென்று ஏறி, வேகம் மட்டும் பின்தங்கி வந்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. நான்காம் கியரில் ஒரு மேட்டில் ஏறும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். கருகிய வாடையும் வரலாம். அப்படியானால் எஞ்சின் பானெட்டைத் திறக்கவே தேவையில்லை. கியரைத் தானே மாற்றும் ஏ.எம்.டி. கார்களிலும் உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்தான், அதுவும் தேயும். சி.வி.டி., டார்க் கன்வர்ட்டர் என்னும் மற்ற ஆட்டோமேட்டிக் வகைகளில் முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ் ஆயிலின் அளவையும் நிலையையும்.

இறுகிப் பிடிக்கும் பிரேக் அதிகம் கவனிக்கப்படாத குற்றவாளி. காலிப்பரின் பின்கள் காய்ந்தோ துருப்பிடித்தோ போனால், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் பேட் டிஸ்க்கை விடாது. மழைக்காலத்தில் பல வாரம் நின்ற கார்களில் இது சகஜம். அதிகம் பிரேக் போடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் போதும்; தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் பழுது அங்கேதான். டயர் காற்றையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் அடுத்து கணினியைக் கேட்க வேண்டும். இந்தியாவில் ஏப்ரல் 2013 முதல் கார்களில் ஓ.பி.டி. 2 என்னும் தற்சோதனை முறை கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகி, கைப்பேசியோடு புளூடூத்தில் இணைத்துக்கொள்ளும் சிறு கருவிகள் மலிவாகவே கிடைக்கின்றன. செக் எஞ்சின் லைட் எரியாவிட்டாலும் ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும். விளக்கை எரியவைக்கும் அளவுக்கு இன்னும் உறுதியாகாத பழுதுகள் காத்திருப்புப் பட்டியலில் இருக்கலாம். கார் திடீரென்று ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.முக்கு மேல் போகாமல், எஞ்சினை அணைத்துப் போட்டதும் கொஞ்ச நேரம் சரியாக ஓடினால், அது லிம்ப் மோட் எனப்படும் தற்காப்பு நிலை. எஞ்சினைக் காப்பாற்றவும், காரை எப்படியாவது ஒர்க்‌ஷாப் வரை கொண்டுசேர்க்கவும் இ.சி.யூ. வைத்திருக்கும் வழி அது. பெடலின் இரு சென்சார்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதபோது வரும் பி 2138 என்ற குறியீடு இதற்கு நல்ல உதாரணம்.

குறியீடுகளை வாசிப்பதில் பெரிய தவறு, அவற்றைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. பி 0171 என்று வந்தால், காற்றுக்குப் போதிய பெட்ரோல் இல்லை என்று, எரிந்த புகையைச் சோதிக்கும் ஆக்சிஜன் சென்சார் புகார் சொல்கிறது. உடனே ஆக்சிஜன் சென்சாரையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்லியிருக்கும். எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம். எது என்று குறியீடு சொல்லாது. ஆனால் அதே இ.சி.யூ., பழுது பதிவான கணத்தில் ஆர்.பி.எம்., வேகம், வெப்பம், எஞ்சின்மீதான சுமை எவ்வளவு இருந்தன என்பதையும் சேர்த்தே பதிந்து வைத்திருக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஸ்கேனர் காட்டும் இந்தப் பக்கத்தைப் பார்க்காமலே குறியீடுகளை அழித்துவிடுவது, கிடைத்த சாட்சியத்தை எரிப்பதற்குச் சமம்.

இங்கிருந்து பழுதைப் பிரித்தறியச் சிறந்த கருவி ஃபியூயல் ட்ரிம் என்னும் எண். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் கலந்தால் இது சற்று இறங்கும். இந்த விகிதத்தைக் காக்க இ.சி.யூ. தன் கணக்கைவிட எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ பீய்ச்ச வேண்டியிருக்கிறது என்பதே ட்ரிம். குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம் என்று இரண்டு உண்டு. இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதம் மேலோ கீழோ இருப்பது பொதுவாக இயல்பு. அதற்கு மேல் போனால், எப்போது போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நின்ற இடத்தில் ஐடிலில் ட்ரிம் 20 சதவீதம் என்று உயர்ந்திருந்து, 2,500 ஆர்.பி.எம்.மில் இயல்புக்கு இறங்கினால் காற்றுக் கசிவு. திராட்டில் மூடியிருக்கும்போது எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான் என்பதால், சிறு கசிவுகூட அங்கே பெரிதாகத் தெரியும். அதிகக் காற்று போகும்போது அதே கசிவு கணக்கில் கரைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஐடிலில் இயல்பாக இருந்து, சுமை ஏற ஏற ட்ரிமும் ஏறினால் எரிபொருள் போதவில்லை, அல்லது காற்று அளக்கும் சென்சார் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகிறது. இந்த ஒரு சோதனை, எந்தப் பாகத்தையும் கழற்றாமல், பாதிச் சந்தேகங்களை நீக்கிவிடுகிறது.

முழுமையாக மிதிக்கும்போது பல எஞ்சின்கள் ட்ரிமை ஒதுக்கிவைத்துவிடும். அப்போது முன்புற ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்க வேண்டும். சாதாரண வகைச் சென்சாரில் அது 0.8, 0.9 வோல்ட் அளவில் நிலைத்து நின்றால் பெட்ரோல் போதுமானது. மிதித்த சில நொடிகளில் 0.1, 0.2 வோல்ட்டுக்குச் சரிந்தால் எஞ்சின் பட்டினி கிடக்கிறது. அடுத்த வேலை பெட்ரோல் பம்பின் அழுத்தத்தை அளப்பது. சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் அது மூன்றிலிருந்து நான்கு பார் வரை இருக்கும். ஐடிலில் அழுத்தம் சரியாகக் காட்டும் பம்ப், சுமையில் தளரலாம். ஓடும்போதே அளப்பதுதான் முறை. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் இந்த பம்பைச் சுற்றியுள்ள பெட்ரோலே குளிர்விக்கிறது. எப்போதும் ரிசர்வ் விளக்கு எரியும்வரை ஓட்டுகிறவர்களின் பம்ப் சீக்கிரம் தேய்வதற்கு இதுவே காரணம்.

காற்றுப் பாதையைப் பொறுத்தவரை, ஏர் ஃபில்டரை வெளியே எடுத்துப் பார்ப்பது யாரும் செய்யக்கூடிய வேலை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் வெளியிட்ட சோதனை இதில் ஒரு பொது நம்பிக்கையைத் திருத்தியது. கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் எஞ்சின்களில், அடைத்துப்போன ஃபில்டரை மாற்றுவதால் மைலேஜ் கூடவில்லை. ஆனால் வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை முன்னேறியது. சிறு பெட்ரோல் கார்கள் பலவற்றில் காற்றின் அளவைக் கணக்கிடுவது மேப் என்னும் அழுத்த சென்சார். சமவெளியில் சாவி போட்டு எஞ்சினை இயக்காமல் பார்த்தால் அது சுமார் 100 கிலோபாஸ்கல் காட்டும். ஐடிலில் 30, 40 அளவுக்கு இறங்கும். முழுமையாக மிதித்து ஓடும்போது மீண்டும் 100ஐ நெருங்க வேண்டும். திராட்டில் முழுவதும் திறந்திருந்தும் 80ஐத் தாண்டவில்லை என்றால் வெளிக்காற்றுக்கும் எஞ்சினுக்கும் இடையே அடைப்பு இருக்கிறது. திராட்டில் திறக்கவே இல்லை என்றால் கேள்வி மறுபடி இ.சி.யூ.விடம் போகிறது. மேப்புக்குப் பதிலாகச் சூடான கம்பியால் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் இருந்தால், அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவ வேண்டும். கார்ப்பரேட்டர் கிளீனரோ பிரேக் கிளீனரோ அந்த மெல்லிய கம்பியைக் கெடுத்துவிடும்.

ஐடிலில் அமைதியாக ஓடும் எஞ்சின் மேட்டில் மட்டும் குலுங்கி மிஸ்ஸிங் அடித்தால் தீப்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று அடர்த்தியாக இறுகுகிறது. அந்த இறுக்கத்தில் பொறி தாவ அதிக வோல்ட்டேஜ் வேண்டும். தளர்ந்த காயிலும், முனை தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும் அங்கே தோற்றுப்போகும். நிக்கல் பிளக்குகள் பொதுவாக 30,000, 40,000 கிலோமீட்டர் வரையும், இரிடியம் பிளக்குகள் ஒரு லட்சத்தை ஒட்டியும் உழைக்கும். காயிலைச் சோதிக்கப் பைசா செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பி 0302 வந்தால் மிஸ்ஸிங் இரண்டாம் சிலிண்டரில். அதன் காயிலைக் கழற்றி மூன்றாம் சிலிண்டரில் மாட்டி ஓட்ட வேண்டும். இப்போது பி 0303 வந்தால் காயில்தான் பழுது. மறுபடி பி 0302 என்றே வந்தால் காயில் குற்றமற்றது. பிளக்கையும் அதேபோல இடம் மாற்றலாம், அடுத்து இன்ஜெக்டர், அதற்கும் பிறகு கம்ப்ரஷன்.

செக் எஞ்சின் லைட் நிலையாக எரிவதும் விட்டுவிட்டு மின்னுவதும் ஒன்றல்ல. மின்னினால் மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது என்று பொருள். உடனே காலைத் தளர்த்தி, கூடிய விரைவில் நிறுத்த வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் பீங்கான் தேனடையை உருக்கிவிடும். உருகிய கன்வர்ட்டர் புகையை அடைக்கும். கார் கிளம்பும்போது ஓரளவு இழுத்து, ஆர்.பி.எம். ஏற ஏற மூச்சுத் திணறுவதுபோல் அடங்கினால் அதுவே அடையாளம். முன்புற ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தினால் சந்தேகம் தீர்ந்துவிடும்: 2,500 ஆர்.பி.எம்.மில் மூன்று பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் பாதை அடைத்திருக்கிறது. கன்வர்ட்டர் தானாகச் சாவது அரிது. அதைக் கொன்ற மிஸ்ஸிங்கையோ, எஞ்சின் ஆயில் எரிவதையோ சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

டர்போ எஞ்சின்களில், குறிப்பாக டீசலில், கதை கொஞ்சம் நீளம். பி 0299 என்றால் கேட்ட அளவு காற்றழுத்தம் டர்போவிலிருந்து வரவில்லை. உடனே டர்போவை மாற்றச் சொல்லும் மதிப்பீடு பல பத்தாயிரம் ரூபாய்க்கு வரும். அதை ஏற்கும் முன் பார்க்க வேண்டியவை எளியவை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ஹோஸ்களில் விரிசல் இருந்தால், மிதிக்கும்போது சீறும் ஓசையும் பின்னால் கரும்புகையும் வரும். இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் படலம் தெரியும். பல டீசல்களில் டர்போவின் கட்டுப்பாட்டை இயக்குவது ஒரு மெல்லிய வேக்குவம் குழாய். அது வெடித்தாலும் இதே குறியீடுதான். அதன் பிறகே, டர்போவுக்குள் கோணம் மாறும் இதழ்கள் கரியில் ஒட்டிக்கொண்டனவா என்று பார்க்கலாம். இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும், எரிந்த புகையே திரும்பவும் எஞ்சினுக்குள் போய் இழுவையைக் கெடுக்கும். டீசல் ஃபில்டர் அடைந்தால் அல்லது அதில் தண்ணீர் தேங்கினால், இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் ரெயிலில் ஆயிரம் பாரையும் தாண்டிப் போக வேண்டிய அழுத்தம் எட்டாது. பி 0087 வரும்.

ஏப்ரல் 2020இல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு டீசல் கார்களில் டி.பி.எஃப். என்னும் கரி வடிகட்டி வழக்கமாகிவிட்டது. சேரும் கரியை, புகையின் வெப்பத்தை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்த்தி இ.சி.யூ. அவ்வப்போது எரித்துவிடும். அதற்குத் தடையில்லாத ஓட்டம் வேண்டும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் நெரிசலில் போய்வரும் காரில், எரிக்கும் வேலை முடிவதற்குள் எஞ்சின் அணைக்கப்பட்டுவிடும். இது திரும்பத் திரும்ப நடந்தால் கரி நிறைந்து, விளக்கு எரிந்து, கடைசியில் சக்தி வெட்டப்படும். விளக்கு எரிந்த தொடக்கத்திலேயே நெடுஞ்சாலையில் கியரைச் சற்றுக் குறைத்து, 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அலட்சியம் செய்தால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வழியாகக் கட்டாயமாக எரிக்க வேண்டியிருக்கும். பாதியில் நின்ற ஒவ்வொரு எரிப்பும் கொஞ்சம் டீசலை எஞ்சின் ஆயிலில் கலந்துவிடுவதால் ஆயிலின் அளவையும் பார்க்க வேண்டும்; அது தானாகக் கூடியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். டி.பி.எஃப்.ஐக் குடைந்து எடுத்துவிடச் சொல்லும் யோசனையை ஏற்கக் கூடாது. வாகனத்தின் அசல் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தக் கரியை மூச்சில் இழுப்பவர்களும் அதே சாலையில்தான் நடக்கிறார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கார் இழுக்கவில்லை என்றால் எஞ்சினின் உடலையே பார்க்க வேண்டும். சிலிண்டர்களின் கம்ப்ரஷனை அளந்தால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருப்பது வால்விலோ பிஸ்டன் ரிங்கிலோ தேய்மானம் உண்டு என்று காட்டும். டைமிங் செயின் தளர்ந்து வால்வு திறக்கும் நேரம் பிசகினாலும் இழுவை போகும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கேட்கும் கலகலப்பு ஓசை அதன் முன்னறிவிப்பு. நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எஞ்சின்களில் பெட்ரோல் உறிஞ்சு வால்வின்மீது படாமல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால், கழுவ ஆளின்றி வால்வின் முதுகில் கரி படிந்துவிடும். பெட்ரோலில் ஊற்றும் எந்த மருந்தும் அந்த இடத்தைத் தொடாது. கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டைப் பீய்ச்சிச் சுரண்டுவதே நம்பகமான வழி.

பழுதான பாகத்தை மாற்றியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. குறியீடுகளை அழிக்க வேண்டும். திராட்டிலைக் கழுவியிருந்தால், அதன் மூடிய நிலையை இ.சி.யூ. மறுபடி கற்றுக்கொள்ளத் தயாரிப்பாளர் சொல்லும் முறையைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஐடில் தாறுமாறாக இருக்கும். சில நாள் ஓடிய பிறகு நீண்ட கால ட்ரிம் பூஜ்யத்தை நெருங்கி வந்திருக்க வேண்டும். அதே சாலையில், அதே மூன்றாம் கியரில், ஏ.சி.யை அணைத்து, 40லிருந்து 80 வரை மறுபடி அளந்து, புதிய நொடிக் கணக்கைப் பழையதோடு ஒப்பிட்ட பிறகே மெக்கானிக்கிற்குப் பணத்தைக் கொடுப்பது முறை.